விரிப்பின் மறுமுனை

ஜனவரி 19

அன்புள்ள அண்ணா,

போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடியதைக் காகிதத்தில் எழுதி உன் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதலில் மன்னித்துவிடு. நம் வீட்டுச் சுவர்களைப் பற்றி உனக்குத் தெரியும். உள் அறையில் பேசினால் முன் அறையில் கேட்கும். உன்னோடு பேசுகிறேன் என்று தெரிந்ததும் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுகிறார். போன வாரம் நல்ல மழை. அப்போதும் போனார். திரும்பி வந்து தலையைத் துவட்டிக்கொண்டே அம்மாவிடம், "பேசி முடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார். அதனால் இனி எழுதுவதே நல்லது என்று தோன்றியது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கிரேன் ஏணியில் ஏறி இறங்குவதைக் குறைக்க முடியாது, தெரியும். தைலமாவது தடவுகிறாயா? அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை.

வேலை கிடைத்துவிட்டது. நீ சிரிப்பாய். அப்பா வேலை செய்யும் அதே சலவை ஆலைதான். ஊழியர் நல அலுவலர் என்று பதவி. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வார்களாம். நம் வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்தி என்பதால் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். முதல் நாள் அப்பாவும் நானும் ஒன்றாகத்தான் நடந்தோம். ஆலை வாசல் தெரிந்ததும் அவர் நின்றுவிட்டார். "நீ முன்னாடி போ, நான் பின்னால வரேன். அதிகாரி லேபரோட சேர்ந்து வந்தா நல்லாருக்காது" என்றார். கேலியாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

என் அறை மாடியில். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கீழே கூடம் அப்படியே தெரியும். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் மூட்டைகள், துவைக்கும் எந்திரங்கள், கடைசியில் நீராவி உருளை. ஈரமான படுக்கை விரிப்பு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சூடாக வெளியே வரும். அங்கே அப்பாவும் அவர் கூட்டாளி ரேடியோ மாமாவும். நீ பள்ளிக்கூட நாட்களில் பார்த்த அதே மேசை. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, பின்னால் போய் உதறி, முன்னால் வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி பின்னால் போய். ஒருவரை ஒருவர் பார்க்காமல் செய்ய முடியாத வேலை. அந்த மேசைக்குப் பக்கத்தில் யாராலும் தூங்க முடியாது என்று கூடத்தில் சொல்கிறார்கள். ஆளுக்கொரு கட்சி, நாள் முழுக்க அதே சண்டை.

"உங்காளு போட்ட ரோட்ல நேத்து பஸ்ல வந்தேன்யா. நான் வந்து சேர்ந்துட்டேன், இடுப்பு இன்னும் அடுத்த பஸ்ல வந்துக்கிட்டிருக்கு" என்கிறார் ரேடியோ மாமா.

"உங்காளு இருந்தப்போ ரோடும் இல்ல, பஸ்ஸும் இல்ல. இடுப்பை மட்டும் பத்திரமா வச்சுக்கிட்டு என்ன பண்ணினே?" என்கிறார் அப்பா.

அப்பாவை அங்கே மைக்செட் என்று கூப்பிடுவார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். உனக்குத் தெரியுமா?

முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

*

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, என்னை விட்டுப் போகவில்லை. பாப்பா அதிகாரி ஆகிவிட்டாள் என்று இங்கே அறையில் எல்லாரிடமும் சொன்னேன். ஒருத்தன் நம்பவில்லை. நீ எழுதிய உறையைக் காட்டினேன். கையெழுத்தைப் பார்த்துவிட்டு நம்பினான்.

நீ வெட்கப்படுகிறவள். நாலு பேர் முன்னால் பேசினால் காது சிவந்துவிடும். அதனால் சொல்கிறேன். தேர்தல் வருகிறது. எந்தப் பக்கமும் சாயாதே. நான் எந்தக் கட்சியில் இருக்கிறேன் என்று அங்கே யாரிடமும் சொல்லி உன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ரேடியோ மாமாவிடம் மட்டும் சொல்லலாம். அவர் சந்தோஷப்படுவார், அவர் கட்சிதானே.

அம்மாவை மாத்திரை தவறாமல் போடச் சொல். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணா,

அம்மா மாத்திரை போடுகிறாள். 'எல்லாரையும்' கேட்டதாக எல்லாரிடமும் சொன்னேன். அப்பா அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாளைத் திருப்பினார்.

ஆலையில் ஒரு விஷயம் நடந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் மூட்டை ஏற்றி வரும் வண்டி ஓட்டுநரும் துவைக்கும் எந்திரத்து ஆளும் அடித்துக்கொண்டார்கள். ஓட்டுநர் சட்டையில் தன் கட்சிச் சின்னம் குத்தியிருந்தார். மற்றவர் அதைப் பார்த்துவிட்டு, "அதை உள்பக்கமா குத்திக்கோ, வெளியில தெரிஞ்சா நாத்தம் அடிக்குது" என்றாராம். சாப்பாட்டுத் தட்டு பறந்தது. ஓட்டுநருக்குப் புருவத்தில் தையல். இரண்டு பேருக்குமே வேலை போயிற்று. மறுநாள் இரண்டு பேருடைய மனைவிகளும் என் அறைக்கு வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரோடு ஒருவர் பேசாமல். என்னால் அவர்களுக்கு எதுவும் செய்ய முடியவில்லை. காது சிவந்ததுதான் மிச்சம்.

மேலாளர் கூப்பிட்டார். "இன்னொரு தடவை இப்படி நடந்தா இன்னும் நாலு பேரை அனுப்புவேன். நல அலுவலர்னு உங்களை எதுக்கு வச்சிருக்கோம்?" என்றார். கூடத்திலும் சாப்பாட்டு அறையிலும் அரசியல் பேசக் கூடாது என்று அறிவிப்பு எழுதி ஒட்டினேன்.

பலன் என்ன தெரியுமா? கட்சிகளுக்கு மாமியார், மருமகள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். "பழைய மாமியார் சோறாவது போட்டா" என்று ஒருவர். "புது மருமக வந்தா உங்க மாமியார் பாத்திரத்தையெல்லாம் வெளியில போடுவா பாரு" என்று இன்னொருவர். மாமியார் பேச்சுக்கும் தடை போட்டேன். மூட்டை பிரிக்கும் அக்கா மாடிக்கே வந்துவிட்டாள். "ஏம்மா, நான் நிஜமாவே எங்க மாமியாரைப் பத்திப் பேசணும். அதை எங்க போய்ப் பேசுறது?" என்றாள். நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு பெண்கள்தான் நினைவில் இருந்தார்கள்.

அப்பாவும் மாமாவும் அறிவிப்பை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்துவிட்டு அதற்கு நேர் கீழே நின்று சண்டை போடுகிறார்கள். அவர்களை ஒன்றும் சொல்ல முடியவில்லை. மற்றவர்கள் அதைக் கவனிக்கிறார்கள்.

உங்கள் துறைமுகத்தில் இதற்கெல்லாம் என்ன செய்வார்கள்? எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

உன் தங்கை

*

மார்ச் 3

பாப்பாவுக்கு,

நான் சுகம். இங்கே காற்று பலமாக இருப்பதால் இரண்டு நாளாகக் கிரேனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் உடனே எழுதுகிறேன்.

இங்கே வழி சுலபம். ஒரு கட்சிக்காரன் காலை ஷிப்ட், மற்றவன் மாலை ஷிப்ட். இவன் போன பிறகுதான் அவன் வருவான். அறையும் வேறு, சாப்பாட்டு நேரமும் வேறு. முகத்தைப் பார்த்தால்தானே சண்டை? பார்க்காமல் இருந்துவிட்டால் யாருக்கும் யார் மேலும் கோபம் வராது. நானே இப்போது நிம்மதியாக இருக்கிறேன்.

நீயும் அப்படியே செய். வாயைக் கட்ட முடியாது, ஆளைப் பிரிக்கலாம்.

அம்மாவுக்கு என் அன்பு.

அண்ணன்

*

மார்ச் 27

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம். நீ அனுப்பிய போர்வை வந்தது. அம்மா அதைப் பெட்டியில் வைத்துவிட்டாள், உபயோகித்தால் பழசாகிவிடுமாம்.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். எல்லாரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, யாரோடு வேலை செய்ய விருப்பம் என்று கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் தங்கள் கட்சிக்காரர்களோடுதான் என்றார்கள். சிலர் உங்க இஷ்டம் என்றார்கள். கட்டாயப்படுத்தியதாக யாரும் சொல்ல முடியாது. காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி. இரண்டு ஷிப்டுக்கும் நடுவில் கூடம் கொஞ்ச நேரம் காலியாகக் கிடக்கும்படி இடைவெளி விட்டிருக்கிறேன். ஒருவர் வெளியேறுவது பின் வாசல், மற்றவர் வருவது முன் வாசல். வேலை முடிந்தவர் வளாகத்தில் நிற்கக் கூடாது என்றும் ஒரு விதி.

இரண்டு வாரமாக ஒரு சத்தமும் இல்லை. மேலாளர் மாடிக்கு வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். "உருளைச் சத்தமே இன்னைக்குத்தான் எனக்குக் கேக்குது" என்றார். விரிப்புகளும் முன்பைவிட அதிகமாக மடிக்கப்படுகின்றனவாம். இனி யாருக்கும் வேலை போகாது என்று நினைத்துக்கொள்கிறேன். அதற்காகத்தானே செய்தது.

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். கவலைப்படாதே.

உன் தங்கை

*

ஏப்ரல் 9

அன்புத் தங்கைக்கு,

சபாஷ். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இப்போதாவது ஒப்புக்கொள். முழங்காலுக்குப் புதுத் தைலம் வாங்கினேன். நாற்றம் தாங்காமல் அறையில் ஒருத்தன் கட்டிலைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். நல்லதுதான், இடம் கிடைத்தது.

ஒன்று கேட்கிறேன். நீ எழுதியதில் ரேடியோ மாமா பேச்சே இல்லையே. அந்த மேசையை விட்டுவைத்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

மே 24

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் உன் கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அந்த மேசையை விடவில்லை. அப்பா காலை ஷிப்ட், ரேடியோ மாமா மாலை ஷிப்ட்.

மற்ற எல்லாரையும் பிரித்துவிட்டு என் அப்பாவுக்கு மட்டும் சலுகை கொடுத்தேன் என்று பேச்சு வரக் கூடாது. அதுதான் காரணம். அப்பாவையும் மற்றவர்களைப் போல மாடிக்குக் கூப்பிட்டுத்தான் கேட்டேன். அவர் என் மேசைக்கு எதிரே உட்காரவில்லை. உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தார். "சட்டம்னா எல்லாருக்கும்தான். எங்களை மட்டும் விட்டா உன்னைத்தான் பேசுவாங்க. போடு, போடு" என்றார். ரேடியோ மாமாவும் அடுத்து வந்தார். "உங்கப்பன் என்ன சொன்னான்?" என்று கேட்டார். சொன்னேன். "அப்ப நானும் அதேதான். வாழ்க்கையில முதல் தடவையா அவன் சொன்னதுக்கு ஒத்துக்கிறேன்" என்றார். அதைக் கேட்டு நான் நிம்மதி அடைந்தேன், அண்ணா. அதை உன்னிடம் மறைக்கவில்லை.

இப்போது அப்பாவுக்கு எதிரே நிற்பவர் அப்பா கட்சிக்காரர்தான். நல்ல மனிதர். அப்பா எது சொன்னாலும் "ஆமாண்ணே" என்பார். முதல் வாரம் அப்பா நிறையப் பேசினார். "ஆமாண்ணே", "அதானேண்ணே", "கரெக்ட்டுண்ணே". பிறகு குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. இப்போது விரிப்பைப் பிடிக்கிறார்கள், உதறுகிறார்கள், சேர்க்கிறார்கள். மாடியிலிருந்து பார்த்தால் அருமையாக இருக்கிறது.

தேர்தல் முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். அப்பா கட்சி ஜெயித்தது. மன்னித்துவிடு, உனக்கு வருத்தமாக இருக்கும். அன்று காலை ஷிப்டில் கைதட்டினார்கள், கொஞ்சம் கத்தினார்கள், பிறகு எல்லாரும் ஒரே மாதிரி சந்தோஷமாக இருந்ததால் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஷிப்ட் முடிந்தும் அப்பா வீட்டுக்குப் போகவில்லை. சுற்றி வந்து முன் வாசலில் நின்றிருக்கிறார். காவலாளி மாடிக்கு வந்தார். "உங்கப்பாதாம்மா. விதிப்படி யாரும் நிக்கக் கூடாது. அவரை நான் எப்படிம்மா போகச் சொல்றது?" என்றார். நான் இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் அப்பா, "இல்ல, செருப்பு வார் அறுந்துபோச்சு, அதான்" என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார். செருப்பு நன்றாகத்தான் இருந்தது.

வீட்டில் அம்மா, "அவர் வீட்டுக்கே போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள். இத்தனை வருடத்தில் அவர் வீட்டுக்கு இவரும் இவர் வீட்டுக்கு அவரும் போனதே இல்லை. "ஜெயிச்சதும் வந்து நிக்கிறான் பாருன்னு நினைப்பான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். வெளியே வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

முழங்காலுக்குத் தைலம் மட்டும் போதாது. டாக்டரைப் பார்.

உன் தங்கை

*

ஜூன் 22

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு வரி போதும்.

போன மாதக் கடைசியில் மேலாளரிடம் போனேன். உருளை மேசையில் பழைய இரண்டு பேரையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டேன். நாலைந்து காரணங்களை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். இரண்டைத்தான் சொல்ல முடிந்தது. "நல்லா ஓடுற வண்டியை ஏம்மா நிறுத்திப் பாக்குறீங்க? தேர்தல் முடிஞ்சாலும் சூடு ஆறணும்ல" என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகு வீட்டில் நினைத்து நினைத்துப் பார்த்து, ஒரு வாரம் கழித்து மறுபடி போனேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "சரி, அந்த ஒரு மேசை மட்டும், அடுத்த மாசத்துலேர்ந்து" என்றார். வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். தேதி வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ரேடியோ மாமா மாடிக்கு வந்தார். வேலையிலிருந்து விலகிக்கொள்கிறாராம். மகள் ஊருக்குப் போகிறார். நான் மேசையைப் பற்றிச் சொன்னேன். "டிக்கெட் எடுத்தாச்சும்மா. மகளும் அறையெல்லாம் ஒழிச்சு வச்சுட்டா" என்றார். ஏன் மாமா இவ்வளவு அவசரமாக என்று கேட்டேன். "வாய் துருப்பிடிச்சுப் போச்சு. அங்க மாப்பிள்ளை உங்கப்பன் கட்சியாம். போய்த் தீட்டிக்கிறேன்" என்றார். அவர் சிரித்தார். விடுவிப்புத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியது நான்தான். போட்டேன்.

கதவு வரை போய்த் திரும்பினார். "உங்கப்பன்கிட்ட சொல்லு. இந்தத் தடவை தப்பிச்சுட்டான், அடுத்த தடவை பாத்துக்கிறேன்னு."

வீட்டில் சொன்னேன். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி ஆணியில் மாட்டினார். "எங்க பாக்கப் போறான்" என்றார். மைக்செட் பேசியது அன்று அதுதான் கடைசி.

அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். டாக்டரிடம் அழைத்துப் போனோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். பேப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டார்.

எழுது, அண்ணா.

உன் தங்கை

*

ஜூலை 30

பாப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் இரண்டு கடிதங்களும் வந்தன. வேலை அதிகம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். எழுத முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆளைப் பிரி என்று சொன்னவன் நான். அதை எங்கும் நீ சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருக்கலாம்.

ரேடியோ மாமா போனது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் ஒன்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த மனிதரோடு நாள் முழுக்கச் சிரித்துச் சிரித்துச் சண்டை போட்டவர், நான் அதே கட்சியில் சேர்ந்தேன் என்றதும் ஏன் சிரிக்கவில்லை? 'கூடத்துல எவன் வேணா என்னை எதிர்த்துப் பேசட்டும், என் வீட்டுல என் சோத்தைத் தின்னுட்டுப் பேசாதே' என்றார். நீங்கள் கேட்டது அதைத்தான். நான் பதிலுக்குச் சொன்னது நீயும் அம்மாவும் கேட்கவில்லை. கேட்காதது நல்லது.

நீ என்ன நினைக்கிறாய் என்று தெரிகிறது. நான் வந்தாலும், எழுதினாலும், பேசினாலும் சண்டைதான் வரும். இப்போது சண்டை இல்லை. அப்படியே இருக்கட்டும்.

உன் ஆறு மாதம் முடிந்திருக்குமே? நிரந்தரம் ஆயிற்றா?

அண்ணன்

*

ஆகஸ்ட் 8

அண்ணா,

நிரந்தரம் ஆகிவிட்டது. வேறு ஊர்க் கிளையிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்து என் ஏற்பாட்டைப் பார்த்தார்கள். கண்ணாடி வழியாகக் கூடத்தைக் காட்டினேன். இவ்வளவு ஒழுங்கான கூடத்தை எங்கும் பார்த்ததில்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஒருவர், "அந்த உருளை மேசையில நிக்கிற பெரியவர் எவ்வளவு அமைதியா வேலை செய்யறார் பாருங்க" என்றார். என் அப்பா என்று நான் சொல்லவில்லை. இப்போதெல்லாம் மேலே இருந்து பார்க்கும்போது எனக்கும் எதுவும் தோன்றுவதில்லை. அவர்கள் போன பிறகு தேநீர் குடித்தேன். சர்க்கரை போடவில்லை என்பது குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கொடியிலிருந்து துணி எடுத்தாள். படுக்கை விரிப்பின் ஒரு பக்கத்தை அப்பாவிடம் நீட்டி, "பிடிங்க" என்றாள். பிடித்தார். எனக்குத் தெரிந்து வீட்டில் அவர் விரிப்பு மடித்தது அன்றுதான். அம்மா வேண்டுமென்றே ஆரம்பித்தாள். அவளுக்கு அரசியல் தெரியாது, உனக்குத் தெரியுமே.

"உங்க கட்சி மறுபடி வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. குழாயில தண்ணி வருதா? காத்துதான் வருது."

அப்பா முனைகளைச் சேர்த்துக்கொண்டே, "ஆமாம்" என்றார்.

அம்மா விரிப்பை அப்படியே அவர் கையில் விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள். "இந்த மனுசன் வாயை மூடணும்னு காலமெல்லாம் வேண்டிக்கிட்டேன்டி" என்றாள். மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

நானும் முயன்று பார்த்தேன். ரேடியோ மாமா கட்சிக்காரி மாதிரி இரண்டு வரி தயாரித்துக்கொண்டு சாப்பாட்டின்போது சொன்னேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. "மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். கிண்டல் என்றால் நன்றாக இருந்திருக்கும். கிண்டல் இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அம்மாவும் நானும் நம்பாததைச் சொல்கிறோம். அது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆலையில் அவருக்கு எதிரே நிற்பவர் அவர் நம்புவதையே நம்புகிறார். அதனாலும் பயனில்லை. ரேடியோ மாமாவின் முகவரியை அவர் மகளிடம் போனில் கேட்டு வாங்கினேன். அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுதவில்லை. ஜெயித்தவன் முதலில் எழுதக் கூடாதாம். மாமாவும் எழுதவில்லை. தோற்றவன் எப்படி முதலில் எழுதுவான்?

உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். மேசையில் ரேடியோ மாமா மேல் கோபம் வந்தால் அதற்குள் அடுத்த விரிப்பு வந்துவிடும். முனையைப் பிடித்தாக வேண்டும், முன்னால் போயாக வேண்டும். நீ அன்று பேசியபோது அவர் கையில் ஒன்றும் இல்லை. நீயும் கொஞ்ச நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். நீ அன்று என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரிய வேண்டாம். அவருக்குத் தெரியும். இத்தனை நாளில் அதற்கு ஒரு பதிலாவது தயார் செய்து வைத்திருப்பார்.

ஜனவரியில் முதல் கடிதம் எழுதியபோதே ஒன்று கேட்க நினைத்தேன். அப்போது வேறு மாதிரி கேட்டிருப்பேன், அப்பாவோடு சமாதானமாகப் போ என்று. கூச்சமாக இருந்ததால் வேலையைப் பற்றி எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் வேறு எதையோ எழுதினேன். இப்போது சமாதானம் வேண்டாம். எங்களிடம் அது நிறைய இருக்கிறது.

அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுது. மன்னிப்புக் கேட்காதே. நலமா என்று விசாரித்து ஆரம்பிக்காதே, முழங்காலைப் பற்றியும் எழுதாதே. அவர் கட்சி இந்த இரண்டு மாதத்தில் செய்ததில் உனக்கு எது பொறுக்கவில்லையோ அதிலிருந்து ஆரம்பி. நீ நிஜமாக நம்புவதை எழுது, மழுப்பாமல், அவருக்குக் கோபம் வரும்படி. சண்டை வரும் என்று எழுதியிருந்தாய். வரட்டும், அண்ணா. உறையின்மேல் என் பெயரைப் போடாதே. அவர் பெயரைப் போடு.

உன் தங்கை